முதல் அத்தியாயத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். வயது 38. இரண்டு பிள்ளைகள். சிற்றிதழ்களில் ஏழு சிறுகதைகள் வந்திருக்கின்றன. கைத்தறிக் குடும்பம் ஒன்றைப் பற்றி நான்கு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். ஒன்பது அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நேரம் கிடைக்கிறது. உட்கார்ந்தால் முதல் பக்கத்திலிருந்து படித்துத் திருத்துவதிலேயே பொழுது போய்விடுகிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினான்கு முறை எழுதிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுதாக எழுதலாமா? நாற்பதை நெருங்கும்போது முதல் நாவல் என்பது மிகவும் தாமதமோ என்றும் தோன்றுகிறது. இதற்கிடையில் ஒரு பதிப்பகத்தார் 45,000 ரூபாய் கொடுத்தால் நாவலைப் புத்தகமாகக் கொண்டுவருவதாகச் சொல்லி ஒப்பந்தப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்திடலாமா? முதல் அத்தியாயம், எட்டாம் அத்தியாயம், ஒப்பந்த நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். அவசரமான இரண்டு கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வேலையை விடாதீர்கள், அந்த ஒப்பந்தத்தில் இப்போதுள்ள வடிவில் கையெழுத்திடாதீர்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் பேச வேண்டியது, உங்கள் நாவல் ஏன் ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றது என்பதைப் பற்றி. நேரமின்மைதான் காரணம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைப்பிரதி எனக்கு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

பதினான்கு முறை எழுதப்பட்ட முதல் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: "அப்பாவின் வாழ்க்கை அவருடைய தறியைப் போலவே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது." பிழையில்லாத வாக்கியம்தான். ஆனால் தறியை ஒரு நாளும் கிட்ட நின்று பார்த்திராத ஒருவரும் இதை எழுதிவிட முடியும். எட்டாம் அத்தியாயத்தின் நடுவில், நீங்களே அதிகம் பொருட்படுத்தாமல் கடந்து சென்றுவிட்ட ஓர் இடம் இருக்கிறது: "பாவில் இழை அறுந்திருந்தது. அப்பா விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லவில்லை. விரலால் பாவின் மேல் தடவிக்கொண்டே போனார். 'அந்த இழை எங்க போச்சுன்னு பாரு கண்ணு' என்றார். அது அச்சுக்குப் பின்னால், அவர் கைக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது."

இந்த ஐந்து வாக்கியங்களைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருக்குப் பார்வை மங்கி வருகிறது. அதை வீட்டாரிடம் மறைக்கிறார். விளக்கைக் கேட்டால் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறார். கண்ணை நம்பிப் பிழைக்கும் தொழிலில் கண் போவதென்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். மகளுக்கும் அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. ஒரு சாண் தூரத்தில் தொங்கும் இழை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உங்கள் நாவல் உண்மையில் தொடங்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

இந்த இடம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தைப் பதினைந்தாவது முறை திருத்தியிருந்தால் இது வந்திருக்காது. ஏழு அத்தியாயங்கள் அந்த மனிதரோடு நடந்த பிறகுதான் அவருக்குக் கண் தெரியவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தைச் சரியாக எழுதுவதற்குத் தேவையான செய்திகள் பின்னால் வரும் அத்தியாயங்களில், அதுவும் இன்னும் எழுதப்படாத அத்தியாயங்களில், இருக்கின்றன. அவை கைக்கு வராத நிலையில் தொடக்கத்தை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் சொற்கள் மாறுமே தவிர அத்தியாயம் மாறாது. நான்கு ஆண்டுகளாக நீங்கள் பட்டிருக்கும் சலிப்புக்குக் காரணம் திறமைக் குறைவோ சோம்பலோ இல்லை. இன்னும் செய்ய முடியாத ஒரு வேலையை முதலில் செய்ய முயன்றதுதான்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு காரணம் உண்டு. நான் பதிப்பாசிரியராகப் பணியைத் தொடங்கிய காலத்தில் ஓர் இளைஞர் தம் நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவற்றில் வரிக்கு வரி குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். அவர் திருத்தி அனுப்பினார். நான் மேலும் குறிப்பெழுதினேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. நான்கு அத்தியாயங்களும் பளபளப்பாகிவிட்டன. ஐந்தாவது அத்தியாயம் எழுதப்படவே இல்லை. பின்னர் அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். "முதலில் முடித்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் போதும். அந்த நாவலில் வந்த ஒரு பாட்டியின் பேச்சு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று முதல் முடிவடையாத கைப்பிரதியின் முதல் அத்தியாயத்தில் நான் பேனா வைப்பதில்லை. உங்களுடையதிலும் வைக்கவில்லை.

ஆகவே, முதல் ஒன்பது அத்தியாயங்களையும் ஓர் உறையில் போட்டு மூடி வையுங்கள். கணினியில் இருந்தால் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு பத்தாவது அத்தியாயத்தைத் தொடங்குங்கள். இடையில் முன்பகுதியில் மாற்ற வேண்டியது ஏதேனும் தோன்றினால், அது கட்டாயம் தோன்றும், அதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு அதில் குறித்துவிட்டு, அந்த மாற்றம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதாகவே பாவித்து மேலே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, நாயகிக்கு அண்ணனுக்குப் பதில் அக்கா இருந்தால் நன்றாக இருக்கும் என்று பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தோன்றினால், "அண்ணனை அக்காவாக்க வேண்டும், அத்தியாயம் 2, 5, 6" என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து அக்காவாகவே எழுதுங்கள். முன்னும் பின்னும் பொருந்தாத கைப்பிரதியைப் பார்க்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதை உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நோட்டு நிரம்பும்போதுதான் உங்கள் நாவலை நீங்கள் அறிந்துகொள்ளத் தொடங்குகிறீர்கள்.

இனி நேரத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் எழுதுவதைவிட, வாரத்தில் ஐந்து நாள் நாற்பது நிமிடம் எழுதுவது நாவலுக்கு ஏற்றது. சிறுகதையை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களால் ஏழு கதைகள் எழுத முடிந்தது. நாவல் அப்படிப்பட்டதன்று. ஆறு நாள் இடைவெளி விட்டால் பாத்திரங்களின் குரல் காதிலிருந்து போய்விடுகிறது. அந்தக் குரலைத் திரும்பப் பிடிக்கத்தான் நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பக்கத்துக்குப் போகிறீர்கள். போன இடத்திலேயே திருத்தத் தொடங்கிவிடுகிறீர்கள். அன்றாடம் கொஞ்சம் எழுதினால் குரல் காதிலேயே இருக்கும். முந்தைய நாள் எழுதிய கடைசிப் பத்தியைப் படித்தாலே போதும்.

கணக்காகவும் பாருங்கள். கணக்கு உங்களுக்கு அன்றாட வேலை. நாற்பது நிமிடத்தில் 250 சொற்கள் எழுதுவது கடினமில்லை. ஐந்து நாளில் 1,250. உங்கள் ஒன்பது அத்தியாயங்களும் ஏறத்தாழ 20,000 சொற்கள் இருக்கும் என்று அனுப்பிய பக்கங்களை வைத்து மதிப்பிடுகிறேன். நடுத்தர அளவுள்ள ஒரு தமிழ் நாவலுக்கு 50,000 சொற்கள் போதும். அச்சில் சுமார் 250 பக்கம் வரும். மீதமுள்ள 30,000 சொற்களுக்கு 24 வாரங்கள் ஆகும். பிள்ளைகளின் தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் எல்லாவற்றுக்கும் ஈடாக எட்டு வாரங்களைச் சேர்த்துக்கொண்டாலும் எட்டு மாதத்துக்குள் முதல் வரைவு முடிந்துவிடும். ஓராண்டு ஊதியத்தை இழந்து நீங்கள் பெற நினைத்ததும் இதுதான்.

அந்த நாற்பது நிமிடம் எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விடியற்காலை என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அடுப்படி வேலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையும் ஒருவர் தலையிலேயே விழும் வீட்டில், விடியற்காலையை உங்களுக்கு விட்டுக்கொடுக்க மற்றவர்களும் சம்மதிக்க வேண்டும். இதை வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். காலைக் காப்பியை வேறொருவர் போட்டால் உங்கள் நாவலில் ஒரு பக்கம் கூடும் என்று சொல்லுங்கள். உங்கள் மடலில் வீட்டாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதுவது அவர்களுக்குத் தெரியுமா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. மறைத்து எழுதிக்கொண்டிருந்தால், அந்த மறைப்புக்கே பாதி நேரம் போகும். சங்கத்தில் மதிய உணவு இடைவேளைதான் தோதுப்படும் என்றால் அதுவும் நல்ல நேரமே. எழுதும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். எழுதி முடித்து எழுந்திருக்கும்போது காட்சியை முடித்துவிடாமல், அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். அதை ஒரு வரியில் கீழே குறித்து வையுங்கள். மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

எழுத்து நுட்பத்தைப் பற்றி இந்தக் கட்டத்தில் இரண்டு செய்திகள் மட்டும் சொல்கிறேன். மற்றவை வரைவு முடிந்த பிறகு. பாவு, ஊடை, தார், நாடா, மிதி என்று தறிச் சொற்கள் வரும்போதெல்லாம் அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவை வேண்டாம். "சிறுமி தார் சுற்றிக்கொண்டிருந்தாள், சுற்றி முடித்ததை நாடாவுக்குள் பொருத்தி அப்பாவிடம் நீட்டினாள்" என்று எழுதினால், தறியே பார்த்திராத திருநெல்வேலி வாசகருக்கும் விளங்கிவிடும். விளங்காமல் போனாலும் பாதகமில்லை. ஒரு தொழிலின் சொற்களைக் கேட்டுக்கொண்டே போவது வாசகருக்கு இன்பம்தான். இரண்டாவது, உரையாடல். கொங்குப் பேச்சு உங்கள் காதில் நன்றாகவே விழுகிறது. ஆனால் ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் "போயிருச்சுங்க" என்றும் அடுத்த பக்கத்தில் "போய்விட்டதுங்க" என்றும் பேசுகிறது. யார் எப்படிப் பேசுவார் என்பதைப் பாத்திரத்துக்கு ஐந்தாறு சொற்களாக அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தந்தை மகளைக் "கண்ணு" என்கிறார். கோபத்தில் எப்படி அழைப்பார்? அது உங்களுக்குத் தெரிந்த நாளில் ஒரு காட்சி பிறக்கும்.

வேலையை விடுவதைப் பற்றி. தமிழ்ப் பதிப்புத் துறையில் எழுத்தாளருக்கு வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி, விலையில் பத்து விழுக்காடு. உங்கள் நாவலுக்கு 300 ரூபாய் விலை வைத்து 500 படிகள் விற்றால் உங்களுக்குக் கிடைப்பது 15,000 ரூபாய். முதல் நாவல் ஓராண்டில் 500 படிகள் விற்பதே நல்ல விற்பனை. இந்தக் கணக்கைச் சொல்வது உங்களை அதைரியப்படுத்த வேண்டும் என்பதற்காக அன்று. அடுத்த மாத மளிகைக்கு வழி செய்ய வேண்டிய பொறுப்பு நாவலின் மேல் விழுந்தால், அதை அவசரமாக முடிக்கவும், விற்கும் என்று யாரோ சொல்வதற்கேற்ப வளைக்கவும் நேரிடும். சம்பளம் வரும்வரை அந்த நாவல் உங்கள் விருப்பப்படி இருக்கலாம். உங்களுக்கு முன்னால் இவ்வழியில் நடந்தவர்கள் பலர். 'வெக்கை' நாவலை 1982இல் தந்த பூமணி கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அவருடைய 'அஞ்ஞாடி' 2012இல் வெளிவந்து, 2014இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதினார்; அவருடைய முதல் நாவல் 1966இலும் இரண்டாவது 1981இலும் வெளிவந்தன. வயதைப் பற்றிய கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1922இல் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் வெளிவந்தது 1976இல். முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கான விருதுகளின் பட்டியலில் உங்கள் பெயர் இனி வராது என்பதைத் தவிர 38 வயதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. உங்கள் சங்கத்தின் பணி விதிகளில், வெளியில் எழுதுவதற்கும் அதனால் வருமானம் பெறுவதற்கும் முன்னனுமதி வேண்டுமா என்பதை மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய நகலின் நான்காம் பத்தி, "நூலின் அனைத்து உரிமைகளும் எக்காலத்துக்கும் பதிப்பகத்தாருக்கே உரியவை" என்கிறது. பணமும் நீங்கள் கொடுத்து, உரிமையையும் நீங்களே கொடுப்பதாகிறது. இதைவிட மோசமான ஏற்பாடு ஓர் எழுத்தாளருக்கு இருக்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் படைப்பின் உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் அறுபது ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள்வரை செல்லக்கூடிய சொத்து அது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு, நீங்களே "எக்காலத்துக்கும்" என்ற சொல்லின் கீழ் கையெழுத்திட்டுவிட்டால் உங்களைவிட்டுப் போய்விடுகிறது. அச்சு நூலாக வெளியிடும் உரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத் தொடர் ஆகியவை உங்களிடமே இருக்கும் என்று தனித்தனியே பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எத்தனை படிகள் அச்சிடப்பட்டன, எத்தனை விற்றன, பொது நூலகங்களுக்காக அரசு வாங்கும் நூலக ஆணையில் எத்தனை சென்றன என்பதற்கு ஆண்டுக்கொரு முறை எழுத்தில் கணக்குத் தர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். கையெழுத்திடுமுன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவது இழிவு என்று நான் நினைக்கவில்லை. தமிழில் நல்ல நூல்கள் பல அப்படி வந்திருக்கின்றன. ஆனால் பணம் உங்களுடையது என்றால் புத்தகமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நேரடியாக இரண்டு அச்சகங்களில் விலைப்புள்ளி கேட்டு 45,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது ஐம்பது, நூறு படிகள்கூட அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் கேட்காத பதிப்பகங்கள் நான்கைந்துக்குக் கைப்பிரதியை அனுப்பிப் பார்க்க வேண்டும். அனுப்பும் காலமும் முக்கியம். ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்காக அக்டோபர் முதல் டிசம்பர்வரை பதிப்பகங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நவம்பரில் வரும் கைப்பிரதியை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. ஏற்றுக்கொண்டாலும் மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்துவதற்குக்கூட நேரமிராது. கண்காட்சியின் களைப்பு தீர்ந்த மார்ச் முதல் ஜூன்வரை அனுப்புங்கள். பதிப்பாசிரியர் உட்கார்ந்து படிப்பார், உங்களோடு பேசுவார்.

வரைவு முடிந்ததும் குறைந்தது ஆறு வாரம் அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, ஓர் அறையில் வாய்விட்டுப் படியுங்கள்; நாக்கு தடுக்கும் இடங்களில் கோடிடுங்கள். நோட்டில் உள்ள குறிப்புகளை அப்போது எடுத்துக்கொண்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். தறி தெரிந்த ஒருவருக்கும் தறியே தெரியாத ஒருவருக்கும் படிக்கக் கொடுங்கள். முன்னவர் தவறுகளைச் சொல்வார். பின்னவர் எங்கே அலுத்தது என்று சொல்வார். ஒற்றுப்பிழைகளைப் பற்றி அதுவரை கவலைப்பட வேண்டாம். அதற்கு மெய்ப்புத் திருத்துநர்கள் இருக்கிறார்கள்.

பத்தாவது அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதை மட்டும் அனுப்புங்கள், திருத்தாமலே அனுப்புங்கள். அந்தத் தந்தை விளக்கை எப்போது கேட்கப்போகிறார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
பதிப்பாசிரியர்